ஒரு மீனுக்கு 72 குடம்
(பெரிய நன்னீர்ப் பேத்தையை வீட்டில் வளர்ப்பது எப்படி? வாங்குமுன் போட வேண்டிய கணக்குகள்)



தூத்துக்குடியில் இருந்துகொண்டு பேத்தை மீனைத் தெரியாதவர் யார் இருக்க முடியும்? வலையில் வந்தால், "விஷ மீன்லே, தூரப் போடு!" என்று மணலில் எறிந்துவிடுவார்கள். அது கிடந்தபடியே வயிற்றைப் பந்து மாதிரி ஊதிக்கொண்டு கிடக்கும். சின்னப் பையன்கள் குச்சியால் குத்தி விளையாடுவார்கள். நம்ம ஊரில் பேத்தைக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

அதே பேத்தைக் குடும்பத்தைச் சேர்ந்த மீனைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியில் விட்டு, பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது கடல் பேத்தை இல்லை. ஆற்றில் வாழும் நன்னீர்ப் பேத்தை. அதிலும் சின்னது இல்லை, இரண்டடிக்கு மேல் வளரக்கூடியது. அந்த மீனை வளர்ப்பது எப்படி என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை. மீன் பற்றிய கட்டுரைதானே என்று புரட்டிவிடாதீர்கள். இதில் சிவில் இருக்கிறது, மெக்கானிக்கல் இருக்கிறது, எலக்ட்ரிக்கல் இருக்கிறது, முதலாண்டில் நம்மை வாட்டிய கெமிஸ்ட்ரியும் இருக்கிறது.

பேத்தை என்பது யார்?

பேத்தையின் அறிவியல் குடும்பப் பெயர் டெட்ராடோன்டிடே. கிரேக்க மொழியில் 'நான்கு பல்' என்று பொருள். மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கும் ஒட்டிக்கொண்டு கிளி மூக்கு மாதிரி அலகாகிவிட்டது. நத்தை, சிப்பி, நண்டு எதுவானாலும் கொறடு வைத்து நெரிப்பதுபோல் ஓட்டை நொறுக்கி உள்ளிருக்கும் சதையைத் தின்னும். இந்த அலகு எலிப் பல் மாதிரி ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமான ஓட்டை உடைத்து உடைத்துத் தேய்த்தால்தான் அளவோடு நிற்கும்.

செதில் கிடையாது. விலா எலும்பு கிடையாது. அதனால்தான் தண்ணீரை விழுங்கி வயிற்றை அவ்வளவு பெரிதாக்க முடிகிறது. இரண்டு கண்களையும் தனித்தனியாகத் திருப்பிப் பார்க்கும். வேகமாக ஓடத் தெரியாத மீன் என்பதால் ஊதுவதும் விஷமும்தான் அதற்குக் கவசம். கடல் பேத்தையின் விஷத்துக்கு டெட்ரோடோடாக்சின் என்று 1909இல் பெயர் வைத்தவர் தாஹாரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. நரம்பு வழியே சோடியம் அயனி போகும் வாசலை அது அடைத்துவிடும். மூச்சுத் தசைகள் நின்றுபோகும். மாற்று மருந்து கிடையாது. நன்னீர்ப் பேத்தைகள் சிலவற்றில் சாக்சிடாக்சின் என்ற வேறொரு நரம்பு விஷம் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே தொட்டியில் செத்துப்போன பேத்தையைப் பூனைக்கோ நாய்க்கோ போடக் கூடாது. ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

நம்ம ஊர் வரலாற்றோடும் ஓடு உடைக்கும் மீன்களுக்குச் சம்பந்தம் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் படுகைகளைப் 'பார்' என்பார்கள். தொலாயிரம் பார் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பிறகு 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார்கள். வளர்ப்புச் சிப்பிகளை வலை போர்த்திய கூண்டுக்குள் வைத்துத் தொங்கவிடுவதற்கு ஒரு காரணம், ஓட்டை உடைத்துத் தின்னும் மீன்களிடமிருந்து காப்பது. சிப்பிக்காரருக்கு எதிரியான அந்த அலகுக்காரனைத்தான் நாம் விருந்தாளியாக அழைக்கப் போகிறோம்!

ஆற்றுப் பேத்தைகளில் பெரியவை

பெரிய நன்னீர்ப் பேத்தைகளில் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று 'எம்பு' பேத்தை. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் பகுதியிலும் தாங்கனீக்கா ஏரியிலும் வாழ்கிறது. 1899இல் பூலஞ்சர் என்ற விலங்கியலாளர் இதை உலகுக்கு விவரித்தார். 67 செ.மீ. வரை வளரும். மஞ்சளும் பச்சையும் கலந்து கோலம் போட்ட மாதிரி உடம்பு.

இரண்டாவது 'பஹாக்கா' பேத்தை. நைல், நைஜர், செனகல், வோல்ட்டா ஆறுகளில் உண்டு. 43 செ.மீ. வரை வளரும். இன்னொரு மீனைப் பக்கத்தில் விட்டால் கடித்துக் குதறிவிடும் முரடன்.

இவை கடைக்கு வரும்போது இரண்டு மூன்று அங்குலம்தான் இருக்கும். நம்ம ஊர் மக்ரூன் சைஸ்! "இந்தப் பொடிசுக்கு ஒரு சின்னத் தொட்டி போதாதா?" என்று யாருக்கும் தோன்றும். சிக்கலே இங்கேதான் ஆரம்பம். நாம் வாங்குவது மூன்று அங்குல மீனை அல்ல. பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்து இரண்டடி ஆகப்போகிற மீனை வாங்குகிறோம். கட்டடம் கட்டும்போது இன்றைய ஆட்களுக்கா கணக்குப் போடுகிறோம்? வரப்போகும் பளுவுக்குத்தானே போடுகிறோம்! மீனுக்கும் அதே விதிதான்.

கணக்கு 1: இடமும் பளுவும்

எம்பு பேத்தை 67 செ.மீ. ஆகும் என்றால் தொட்டியின் அகலம் அதைவிட நிச்சயம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீன் திரும்ப முடியாமல் வளைந்துபோகும். நீளம் மீனைப்போல் மூன்று நான்கு மடங்காவது வேண்டும். ஆக 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 0.75 மீட்டர் நீர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம்.

2.4 × 1.2 × 0.75 = 2.16 கன மீட்டர். அதாவது 2,160 லிட்டர். தண்ணீரின் எடை மட்டும் 2,160 கிலோ. 19 மி.மீ. கண்ணாடியில் செய்தால் (ஏன் 19 என்பது அடுத்த கணக்கில் வரும்) கண்ணாடி எடை சுமார் 390 கிலோ. மணல், கல் எல்லாம் சேர்க்காமலே இரண்டரை டன் தாண்டிவிட்டது. ஒரு அறைக்குள் இரண்டு அம்பாசடர் காரை ஒட்டி நிறுத்தினது மாதிரி!

இனி தளத்தைப் பார்ப்போம். தண்ணீர் மட்டும் தரையில் தரும் அழுத்தம் 0.75 × 9.81 = 7.36 கிலோநியூட்டன், ஒரு சதுர மீட்டருக்கு. வீட்டு அறைகளின் மாடித் தளத்துக்கு இந்தியத் தர நூல் 875, பகுதி 2 (1987) சொல்லும் நடமாட்டப் பளு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். மூன்றரை மடங்குக்கு மேல் போகிறது! ஆகவே மாடியில் இந்தத் தொட்டி வைக்கும் பேச்சே வேண்டாம். தரைத்தளம், அதிலும் நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்திய மண்மேல் கான்கிரீட் போட்ட இடம் வேண்டும். "எங்க வீட்டு மாடி ஸ்ட்ராங்குப்பா" என்பது இன்ஜினியர் பேசுகிற பேச்சு இல்லை.

கணக்கு 2: கண்ணாடி

முன்பக்கக் கண்ணாடி மேல் தண்ணீர் தள்ளும் மொத்த விசை எவ்வளவு? ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் படித்ததுதான். பாதி × தண்ணீரின் ஓரலகு எடை × ஆழத்தின் வர்க்கம் × நீளம்.

0.5 × 9.81 × 0.75 × 0.75 × 2.4 = 6.62 கிலோநியூட்டன். ஏறக்குறைய 675 கிலோ எடை சாய்ந்து தள்ளுவதற்குச் சமம். இந்த விசை செயல்படும் புள்ளி அடியிலிருந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 25 செ.மீ. உயரத்தில். இதில் தொட்டியின் அகலம் எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா? அகலத்தைக் கூட்டினால் மீனுக்கு இடம் கூடும், முன் கண்ணாடிக்குப் பளு கூடாது. ஆழத்தை இரட்டிப்பாக்கினாலோ விசை நான்கு மடங்காகும். அதனால் பேத்தைக்கு ஆழத்தைவிட அகலத்தைத் தருவதே புத்திசாலித்தனம். மீனுக்கும் அதுதான் பிடிக்கும்.

தடிமனுக்குத் தொட்டி கட்டுவோர் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு. ஆழத்தை மி.மீ.இல் எடுத்து அதன் கனத்தை 0.00001ஆல் பெருக்கு (அது ஒரு கன மி.மீ. தண்ணீரின் எடை, நியூட்டனில்). நீளம் ஆழத்தைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் 0.37ஆல் பெருக்கு. வந்ததைக் கண்ணாடியின் அனுமதித் தகைவால் வகுத்து வர்க்கமூலம் எடு. சாதாரணக் கண்ணாடியின் இழுவிசை வலிமையை 19.2 என்று கொண்டு, பாதுகாப்புக் காரணி 3.8 வைத்தால், அனுமதித் தகைவு ஒரு சதுர மி.மீ.க்கு 5.05 நியூட்டன். நம் தொட்டிக்குப் போட்டால் 17.6 மி.மீ. வருகிறது. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 19 மி.மீ.

அடியில் மேடு பள்ளம் இருந்தால் எவ்வளவு தடிமன் போட்டும் பயனில்லை. ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டம் பார்த்து, கண்ணாடிக்கு அடியில் தெர்மோகோல் விரித்துத்தான் உட்கார வைக்க வேண்டும். சிலிக்கான் ஒட்டியபின் ஒரு வாரம் காயவிட்டு, ஒழுகுகிறதா என்று தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும்.

சிவில் நண்பர்களுக்கு இன்னொரு வழி: மூன்று பக்கமும் பெரோசிமென்ட் சுவர், ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி. செலவு குறையும். ஆனால் புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். பல தடவை நீர் நிரப்பி ஊற வைத்துக் கொட்டிய பிறகே மீன் விடலாம்.

கணக்கு 3: தண்ணீர்

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்ப்போம். "பேத்தைதானே, கொஞ்சம் உப்பு போடு" என்பார்கள். உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் உப்புக்கா பஞ்சம்! ஆனால் எம்புவும் பஹாக்காவும் முழுக்க நன்னீர் மீன்கள். அவற்றுக்கு உப்பு தேவையில்லை. கழிமுகத்தில் வாழும் பச்சைப் புள்ளிப் பேத்தை போன்றவற்றுக்குத்தான் உப்பு கலந்த நீர் வேண்டும். எனவே எந்தப் பேத்தை என்று பெயரைச் சரியாகத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். அதேபோல் நம்ம ஊரில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அது நன்னீர்ப் பேத்தைக்கு ஆகாது.

அப்படியானால் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான். வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். அதில் கிருமி கொல்லக் குளோரின் சேர்ப்பார்கள். நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு எமன். ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றுக் குமிழி விட்டால் குளோரின் போய்விடும். அவசரம் என்றால் போட்டோ கழுவுகிறவர்கள் உபயோகித்த ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் போடலாம். 1 மி.கி. குளோரினுக்குச் சுமார் 7 மி.கி. ஹைப்போ. லிட்டருக்கு அரை மி.கி. குளோரின் இருந்தால் 1,000 லிட்டருக்கு மூன்றரை கிராம் போதும்.

இரண்டாவது, அமோனியா. மீன் கழிப்பது பெரும்பாலும் அமோனியாதான். வடிகட்டியில் குடியேறும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் கொடிய விஷம், மூன்றாவது அளவு மீறினால் கெடுதல். இந்த பாக்டீரியா கூட்டம் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி கட்டிய மறுநாளே மீன் விடுகிறவர்கள் அடுத்த வாரம் வெறும் தொட்டியோடு நிற்பது இதனால்தான்.

நம்ம ஊர் வெயிலுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் 0.8 சதவீதம்தான் விஷ வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 7.5 சதவீதம். ஒரே ஒரு புள்ளி ஏறியதற்கு ஒன்பது மடங்கு! டெஸ்ட் கிட்டில் அமோனியா பூஜ்யம் காட்ட வேண்டும். 'கொஞ்சம்தானே' என்ற பேச்சு இங்கே கிடையாது.

மூன்றாவது, நைட்ரேட். இதை எடுக்கத்தான் தண்ணீர் மாற்றுகிறோம். எவ்வளவு மாற்றுவது? கணக்குப் போடுவோம். வளர்ந்த மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை 100 கிராம் சிப்பிச் சதை. அதில் 12 கிராம் புரதம் என்று வையுங்கள். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 1.92 கிராம். அதில் 60 சதவீதம் நீரில் கழிவாகச் சேர்ந்தால் 1.15 கிராம். 4.43ஆல் பெருக்கினால் 5.1 கிராம் நைட்ரேட். 2,160 லிட்டரில் அது லிட்டருக்கு 2.4 மி.கி. வாரத்துக்கு மூன்றரை வேளை என்றால் சுமார் 8.3 மி.கி. ஏறும்.

வாரம் பாதித் தண்ணீர் மாற்றினால் இந்த அளவு ஏறி ஏறி எங்கே நிற்கும்? பெருக்குத் தொடர்தான். மாற்றுமுன் உள்ள அளவு = அதில் பாதி + 8.3. விடை 16.6. லிட்டருக்கு 20 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்பது பேத்தை வளர்ப்போர் வைத்துக்கொள்ளும் எல்லை. பாஸ்! ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால்? விடை 41.5. பெயில்! இதே மீன் 200 லிட்டர் தொட்டியில் இருந்தால் ஒரே வாரத்தில் 90 மி.கி. ஏறிவிடும். சின்னத் தொட்டியில் பெரிய பேத்தை ஏன் தேறாது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

ஆக வாரம் 1,080 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 72 குடம்! தினசரிக் கணக்கில் 154 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். கிராமத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். நம் பேத்தை நகரத்து மனுஷன் ஒருவரை முந்திவிட்டது, கிராமத்து மனுஷர் மூவரை நெருங்கிவிட்டது. குழாயடியில் வரிசையில் நின்று பழகிய நமக்கு இந்தக் கணக்கு உறைக்க வேண்டும்.

ஒரு ஆறுதல்: வெளியேற்றும் நீர் வீண் இல்லை. நைட்ரேட் என்பது செடிக்கு உரம். தென்னை, வாழை, முருங்கைக்குப் பாய்ச்சலாம். தோட்டம் உள்ள வீடு என்றால் அதே தண்ணீர் இரண்டு வேலை செய்யும். தோட்டமில்லாத வீட்டில் சாக்கடைக்குப் போகும்.

சாப்பாடு

குட்டியாக இருக்கும்போது தினமும், வளர்ந்த பின் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. வயிறு லேசாக உருண்டால் போதும். கண்ணாடியோரம் வந்து கெஞ்சும், ஏமாறக் கூடாது.

ஓட்டோடு நத்தை, மட்டி, சின்ன நண்டு, ஓடு உரிக்காத இறால், இவைதான் உணவு. துறைமுக ஊரில் இதற்குக் குறைவில்லை. கடல் மட்டியை நன்னீர் மீனுக்குக் கொடுக்கலாமா என்றால் கொடுக்கலாம். நன்றாக அலசிப் போட வேண்டும். கடலில் உள்ள ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் நன்னீரில் பிழைக்காது என்பது கூடுதல் வசதி. ஆனால் மட்டியிலும் இறாலிலும் பி-1 வைட்டமினை அழிக்கும் தயாமினேஸ் உண்டு. பிரீசரில் வைத்தாலும் அது சாகாது. அதனால் ஒரே உணவைத் தினமும் போடாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். வயல் நத்தையில் பூச்சி மருந்து இருக்கலாம். ஒரு தொட்டியில் நாமே நத்தை வளர்த்துக்கொள்வது நல்லது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போய்ச் சிப்பி பொறுக்குவது சட்டப்படி குற்றம்.

மெத்தென்ற உணவு மட்டும் கொடுத்தால் அலகு நீண்டு வாயே திறக்க முடியாமல் மீன் பட்டினி கிடக்கும். அப்புறம் கிராம்பு எண்ணெயில் மயக்கி அலகை வெட்டிவிட வேண்டிவரும். பழகாத கைக்கு அது உயிர் போகும் வேலை. வாரம் நாலு நத்தை கொடுத்துவிடுவது அதைவிடச் சுலபம்.

தின்று துப்பிய ஓட்டையும் மிச்சச் சதையையும் அன்றன்றே குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். சதை ஒட்டாத சுத்தமான சிப்பி ஓடு கொஞ்சத்தை வடிகட்டியில் போட்டு வைத்தால், பி.எச். திடீரென்று சரியாமல் தாங்கும்.

கரண்டும் காற்றும்

2,160 லிட்டரும் மணிக்கு நான்கைந்து முறை வடிகட்டி வழியே போக வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் பம்ப். 100 வாட் என்று வைத்தால் நாளைக்கு 2.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 144 யூனிட்!

பேத்தை கடிக்காத பொருள் கிடையாது. ஒயரையும் கடிக்கும். தண்ணீரில் எந்த ஒயரும் நேராகத் தெரியக் கூடாது. குழாய்க்குள் விட்டு மறைக்க வேண்டும், அல்லது பம்பைத் தனித் தொட்டியில் வைக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பிளக்குக்குப் போகும் ஒயர் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் சொட்டும் நீர் பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடுமுன் மெயினை அணைப்பது நல்லது. விரலையும் கவனியுங்கள். நண்டு ஓட்டை நொறுக்கும் அலகு அது!

கரண்ட் போனால் என்ன ஆகும்? 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு கூடுதலாகத் தேவை, தண்ணீரில் இருப்போ குறைவு. மூடிய வடிகட்டிக்குள் நீர் ஓடாமல் நின்றால் சில மணி நேரத்தில் பாக்டீரியாவும் சாக ஆரம்பிக்கும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கையிருப்பில் வேண்டும். அதை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வழியும்.

எம்புவுக்கு 24 முதல் 28 டிகிரி உகந்தது. இங்கே ஹீட்டர் வேண்டாம், குளிர வைப்பதுதான் பாடு. நீர்ப்பரப்பின் மேல் பேன் விட்டால் ஆவியாதலால் குளிரும். 10 லிட்டர் ஆவியானால் தொட்டி சுமார் 2.7 டிகிரி குறையும். ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். வெயில் படாத அறைதான் முதல் மருந்து.

குணமும் நோயும்

ஒரு தொட்டிக்கு ஒரே மீன், அதுதான் சட்டம். கூட்டாளி தேட வேண்டாம். வளர்ப்பவரை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வரும், அந்நியர் வந்தால் ஒதுங்கும். இந்தப் பழக்கத்துக்காகத்தான் இத்தனை பேர் இதன்மேல் உயிரை வைக்கிறார்கள்.

வேடிக்கை காட்ட ஊத வைக்காதீர்கள். ஊதுவது அதற்கு உயிர்ப் பயம். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கி, அதை வெளியேற்ற முடியாமல் மிதந்தே சாகலாம். இடம் மாற்றும்போது வலையால் அள்ளாமல் வாளியில் தண்ணீரோடு எடுக்க வேண்டும். செதில் இல்லாததால் தாமிரம் கலந்த மருந்துகளை ஊற்றக் கூடாது. புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடலில் புழு இருக்கலாம், மீன்வளம் படித்தவரைக் கேட்க வேண்டும். நம்ம ஊரிலேயே 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருப்பது நமக்குப் பெரிய பாக்கியம்.

அப்போ நாம என்ன செய்யலாம்?

கணக்கெல்லாம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வளர்க்கச் சொல்றியா, வேண்டாங்கிறியா?" என்று கேட்பீர்கள். தரைத்தளம், தோட்டம், தட்டில்லாத தண்ணீர், பத்து வருஷம் ஒரே ஊரில் இருக்கும் உறுதி, இந்த நான்கும் உள்ளவர் எம்புவை வளர்க்கலாம். ஒரு கல்லூரி, ஒரு காட்சியகம் வளர்க்கலாம். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகப்போகும் நாம் வளர்க்கக் கூடாது. மீனை யாரிடம் விட்டுவிட்டுப் போவோம்? அம்மாவிடமா? வாரம் 72 குடம் அவர் சுமப்பதா?

ஆசை தீர வழி உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலேயே ஒரு நன்னீர்ப் பேத்தை இருக்கிறது. பம்பை ஆற்றிலிருந்து ஹோராவும் நாயரும் 1941இல் விவரித்த திருவிதாங்கூர்க் குட்டிப் பேத்தை. மூன்றரை செ.மீ.தான் முழு வளர்ச்சி. அதே சுழலும் கண், அதே அலகு, அதே நத்தை வேட்டை. 60 × 30 × 30 செ.மீ. தொட்டி ஒரு சிறு கூட்டத்துக்குப் போதும். 54 லிட்டர். முன் கண்ணாடி மேல் விசை 27 கிலோ எடைக்குச் சமம், அதாவது 675இல் 25இல் ஒரு பங்கு. கண்ணாடி 5 மி.மீ. வாரம் பாதி மாற்றினால் இரண்டு குடம் கூட இல்லை. குட்டி நத்தையும் கொசுப் புழுவும் தின்னும்.

அதிலும் ஒரு நிபந்தனை. அலங்கார மீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து அள்ளி அள்ளி, இந்த மீன் இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 'பாதிக்கப்படக்கூடியது' என்ற வரிசையில் நிற்கிறது. தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்த்த மீன்தானா என்று கேட்டு வாங்குங்கள். இது தொட்டியில் இனப்பெருக்கம் செய்யக்கூடியது. நாமே பெருக்கினால் ஆற்று மீனுக்கு அவ்வளவு நிம்மதி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "வளர்ந்துட்டுது, தொட்டி பத்தல, ஆத்துல விட்டுருவோம்" என்பது கருணை அல்ல. தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் குளத்தில் விடப்பட்ட தென்னமெரிக்க 'சக்கர்' மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஓடு உடைக்கும் அந்நிய மீனைத் தாமிரபரணியில் விட்டால், ஆற்றின் நத்தைக்கும் சிப்பிக்கும் அதிலிருந்து ஓடி ஒளிய இடம் கிடையாது. முடியவில்லையென்றால் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

நண்பர்களே, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மீன் கடையில் ஒரு அழகான குட்டி உங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எவ்வளவு வளரும்? எத்தனை வருஷம் வாழும்? வாரம் எத்தனை குடம் கேட்கும்? மூன்றுக்கும் பேப்பரில் விடை வந்த பிறகு பர்ஸை எடுங்கள். விடை வரவில்லையென்றால், அந்தக் குட்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதும் மீன் வளர்ப்பில் ஒரு பாடம்தான்.